மாதிரிக்குப் போட்ட மரண அறிவித்தல்

ஹலோ… ஹலோ… அப்பாவா?… இல்ல, கதைக்கிற நீங்கதானா எண்டு கேக்கன்… நான் வதனி… ஓம்… ஓம்… கும்புட்ட தெய்வமே… ஒண்டுமில்ல, சும்மாதான். இன்னொருக்காக் கதைங்க. என்னவாவது கதைங்க…

அழல்ல. மூக்கு அடைச்சிரிக்கு…

எங்க நிக்கிறீங்க?… வயல் வட்டைக்குள்ளயா. வெட்டு மெசின் வந்திட்டா… அந்தச் சத்தம்தான், ஒண்டும் விளங்குதில்ல. கொஞ்சம் அங்கால போய் வரம்பில ஏறுங்க… இன்னும் கொஞ்சம்… ஆ, இப்ப கேக்குது.

எத்தின தரம் எடுத்தன் தெரியுமா? இருவத்திமூண்டு தரம். போனை எங்க வச்ச?… சேட்டைக் கழட்டி மரத்தில கொழுவிட்டு, அந்தச் சேட்டுப் பொக்கற்றிலயா. உங்களுக்குப் போன் வாங்கித் தந்த என்னைச் சொல்லணும்… சரி சரி, ஏசல்ல. ஆராவது உங்களுக்கு எடுத்தவங்களா? மிஸ்கோல் எத்தின கிடக்கு எண்டு பாருங்க… அம்பத்தொண்டா?… ஒருத்தருக்கும் திருப்பி எடுக்காதீங்க. இல்ல இல்ல, எடுங்க, எல்லாருக்கும் எடுங்க… பொறுங்க. முதல்ல நான் சொல்றதக் கேளுங்க. வரம்பில இரிங்க. இருந்திட்டீங்களா?…

அப்பா, நீங்க செத்திட்டீங்க.

…இல்ல, செத்ததா வந்திரிக்கு. வெப்சைட்டில… எங்கட வெப்சைட்டிலதான். நானும் காத்தான்குடி இல்ஹாமும் சேந்து நடத்துற மரண அறிவித்தல் வெப்சைட் இரிக்கில்லயா, அதில. உங்கட போட்டோவோட… சிரிக்காதீங்க. சிரிக்கிற விசயமில்ல இது. அண்ணன் பாக்க முதல் இத எடுத்துப் போடணும் எண்டு நான் இஞ்ச கிடந்து துடிக்கன். மற்ற ஆக்கள் பாத்தா பாத்திட்டுப் போகட்டும். சுவிசில இரிக்கிற மனுசன் இதப் பாத்தா என்ன ஆகும்?…

அப்பா?… ஓ, சரி. ஆரு போட்ட எண்டா கேக்கிற?

நான்தான்.

…வேணுமெண்டு போடல்லப்பா. எனக்கென்ன விசரா. பாருங்க, எப்படிச் சொல்றது… ஒரு வெப்சைட் எழும்பணுமெண்டா கன சாமான் போடணும். முந்தி எல்லாத்தையும் ஒவ்வொண்டாக் கையால போடுற. ஒரு நாள் முழுக்கப் போகும். ஒண்டை மறந்தாலும் எழும்பாது. அதுக்குத்தான் இந்த ஒண்டரை மாசமா முழிச்சிருந்து, எல்லாம் தானா நடக்கிற மாதிரி எழுதி வச்சன். ஒரு வரி அடிச்சாக் காணும், மிச்சமெல்லாம் தன்பாட்டில… ஓம், உங்கட வெட்டு மெசின் மாதிரித்தான். வெட்டுறதும் அதுதான், தூத்துறதும் அதுதான்.

உள்ளுக்க மூண்டு கொன்டெய்னர் இரிக்கு… இல்லப்பா, லொறியில போற கொன்டெய்னர் இல்ல. மூண்டு அறை எண்டு வைங்க. ஒரு அறையில எழுத்தெல்லாம் கிடக்கும், ஆர் செத்த, எத்தின மணிக்கு அடக்கம் எண்டு. மற்ற அறைதான் சனம் பாக்கிற பக்கம். மூண்டாவது அறைக்குக் காவல் வேலை. புதுசாப் போட்ட வெப்சைட் சரியா ஓடுதா எண்டு பாக்க மாதிரிக்கு ஒரு அறிவித்தலைக் கொண்டு போய் வைக்கும். அத ஆரும் எடுத்தா திருப்பி வைக்கும். மூண்டையும் ஒண்டோட ஒண்டு தொடுத்து விட்டிரிக்கு. ஒண்டு படுத்தா மற்றது எழுப்பும்…

ஓம். அந்த மாதிரி அறிவித்தலுக்கு ஒரு ஆளிட பேர் வேணும்… அதுக்குத்தான்.

பின்ன ஆர்ர பேரைப் போடுற? அடுத்தவன்ட அப்பாட பேரையா? எழுதக்குள்ள கைக்கு வந்த பேர் உங்கட பேர். பிறந்த தேதி தெரியும், அம்மாட பேர் தெரியும், போட்டோவும் கைவசம் இருந்திச்சு… ஓம், உங்களைக் கேட்டிருக்கணும். கேட்டா ஓம் எண்டா சொல்லியிருப்பீங்க?… என்ட கம்ப்யூட்டருக்குள்ள மட்டும் கிடந்தது. பாக்க ஒரு குருவி இல்ல. இண்டைக்கு வெப்சைட்டப் புது சேவருக்கு மாத்தினம். இல்ஹாம்தான் அங்கயிருந்து அந்த ஒரு வரியை அடிச்சார். மாதிரியை எடுத்திட்டு அடிங்க எண்டு சொல்ல நான் மறந்திட்டன். அவ்வளவுதான். பதினொண்டரைக்கு நீங்க செத்தீங்க.

அழிச்சன். ஏன் அழிக்கல்ல. பதினேழு தரம் அழிச்சிட்டன். நான் அழிக்க, ரெண்டு நிமிசத்தில அந்தக் காவல் திருப்பிக் கொண்டு வந்து வைக்குது. வைக்கிற ஒவ்வொரு தரமும் பேஸ்புக்குக்கும் போகுது. அதையும் தொடுத்து விட்ட ஆள் நான்தான். ஆரோ ஒரு மனுசி எழுதியிரிக்கா, ‘அப்பனில எவ்வளவு பாசமெண்டா இந்தப் பிள்ள பதினேழு தரம் அறிவிக்கும்’ எண்டு…

புடுங்கிறதா, எத?… வயரையா? சேவர் இஞ்ச இல்லப்பா. சிங்கப்பூரில இரிக்கு… ஓம், நீங்க சிங்கப்பூரிலதான் செத்துச் செத்து எழும்புறீங்க.

இல்ல, முழுசா நிப்பாட்டவும் ஏலாது. இண்டைக்கு ரெண்டு உண்மையான சாவு இரிக்கு. நாலு மணிக்கு அடக்கம். அந்த ஆக்கள் அதப் பாத்துத்தானே வரணும்… காவலை மட்டும் நிப்பாட்ட சேவருக்கு உள்ளுக்குப் போகணும், அந்தச் சாவி எனக்கிட்ட இல்ல. புது சேவர் இல்ஹாமிட பேரில எடுத்த. பின்னேரம் எனக்கும் ஒண்டு தாறன் எண்டவர். அடிச்ச கையோட குளிச்சு உடுத்து ஜும்மாத் தொழுகைக்குப் போயிட்டார். வெள்ளிக்கிழமைதானே இண்டைக்கு. போன் ஓஃப்… பள்ளிக்கு ஆள் விடுறதா? குத்பாப் பிரசங்கம் நடக்கக்குள்ள ஆரு போய், ‘எழும்பி வாங்க, வதனிட அப்பா சாகல்ல’ எண்டு கூப்பிடுற? அவர்ட வீட்ட எடுத்தன். அவர்ட மனுசி நஸீபாதான் எடுத்தா. ‘லெப்டொப் முன்னுக்குத்தான் கிடக்கு தங்கச்சி, பாஸ்வேட் அவர்ட மண்டைக்குள்ள’ எண்டா…

நான் கல்குடாவில. றொசானிக்காட கெஸ்ட்ஹவுசில. அவக்கும் ஒரு வெப்சைட் போட வந்தன்… ஓம், அதே வரியை அடிக்கத்தான் வந்தன். இனி எங்க அடிக்கிற…

இல்லக்கா, தேத்தண்ணி வேணாம்… ஓம், அப்பாதான்… ஓமக்கா, அவரேதான் கதைக்கிறார்… நல்லா இரிக்கார்.

றொசானிக்கா, அப்பா. பாவம், முதல்ல என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதவ. இப்ப என்னைப் பாக்கிற பார்வை வேற மாதிரி இரிக்கு.

இஞ்ச பாருங்க, உங்கட தங்கச்சி ஓட்டோ பிடிச்சு வெளிக்கிட்டிட்டா. கேதீஸ்வரி மாமிதான். அவக்கு நான் சொல்ல விட்டாத்தானே. போனை எடுத்ததும் ஒப்பாரி. ‘மாமி, அப்பா இரிக்கார்’ எண்டன். ‘ஓம்மா, நம்மட மனசில எந்த நாளும் இரிப்பார்’ எண்டிட்டு வச்சிட்டா. இப்ப வலையிறவுப் பாலம் தாண்டியிருப்பா…

மரண உதவிச் சங்கத்துச் செயலாளரும் எடுத்தார். கூடாரம் ஒண்டு காணுமா, கதிரை நூறா நூத்தம்பதா எண்டு கேக்கார். வேணாம் எண்டன். ‘வேணாமெண்டு சொல்லப்படா பிள்ள, ஒவ்வொரு சாவுக்கும் முதல் ஆளா வந்து கதிரை இறக்கின மனுசன், நாங்க செய்யாட்டி ஆரு செய்யிற’ எண்டார். ஒழுங்கை முகப்பில வெள்ளைக் கொடியும் கட்டியாச்சாம்…

உங்களுக்கு இது சந்தோசமா இரிக்கா?… குரல்ல தெரியுதே. கதிரை நூத்தம்பது எண்டதும் குரல் மாறிட்டு.

என்ன எழுதியிரிக்காங்களா? அதுவும் கேக்கணுமா உங்களுக்கு… சரி, பொறுங்க. மில் நிஸ்தார் காக்கா எழுதியிரிக்கார், ‘நெல்லோட ஒரு பிடி பதர் கலந்து தராத மனுசன்’ எண்டு… ஓம், அப்படித்தான் இரிக்கு… திருப்பி வாசிக்கவா? ‘நெல்லோட ஒரு பிடி பதர் கலந்து தராத மனுசன்.’ காணுமா?… இன்னும் ஆரு… இஞ்ச, மேல் வட்டைக்காரர். போன போகம் வாய்க்கால் தண்ணிக்கு உங்களோட மண்வெட்டி தூக்கிட்டு வந்த ஆள். ‘நல்லதொரு அயலவனை இழந்தோம்’ எண்டு போட்டிரிக்கார்… தண்ணியத் திறந்து விடச் சொல்லவா? நீங்களே போய்க் கேளுங்க. பயத்தில திறந்து விடுவார்…

எந்தப் போட்டோவா? மாமிட மகள்ட கலியாணத்தில எடுத்தது. பக்கத்தில நிண்ட ஆளிட தோளும் கொஞ்சம் தெரியுது… நல்லாத்தான் இரிக்கு. தலை சீவி இழுத்திரிக்கீங்க… வயசா? அறுபத்தெட்டு… ஓம், ஒரு வயசு கூடத்தான். அதையும் நான்தான் பிழையாப் போட்ட. இண்டைக்கு நான் செஞ்சதில அதுதான் சின்னப் பிழை.

அப்பா, பகிடி காணும். நான் பயப்படுறது இதுக்கெல்லாம் இல்ல. மாமி வந்து உங்களைக் கண்டா நாலு அடி அடிச்சிட்டு அழுகைய நிப்பாட்டுவா. சங்கத்துக்காரர் கொடியக் கழட்டுவாங்க. ஊருக்கு ஒரு மாசம் கதைக்க ஒரு கதை. அவ்வளவுதான். அண்ணன்தான் எனக்கு… ஓம், டிலக்சன். பேரைச் சொன்னா ஏன் உங்களுக்குச் செருமல் வருது?

அங்க இப்ப ஒம்பது மணியும் இருவது நிமிசமும். ஹோட்டல் குசினிக்குள்ள நிப்பார். போனை வெளிய வச்சுப் பூட்டிட்டுத்தான் உள்ளுக்குப் போற. ‘அப்பாக்கு ஒண்டுமில்ல, வெப்சைட் பிழை’ எண்டு ஆறு மெசேச் போட்டிட்டன். ஒண்டும் பாக்கல்ல. வெளிய வந்து முதல்ல என்ட மெசேசத் திறப்பாரா, பேஸ்புக்கத் திறப்பாரா? அதுதான் எனக்குத் தெரியா…

ஓம், ரெண்டு மணிக்கு. நம்மட நேரம் அஞ்சரை… பொறுங்க. ரெண்டு மணிக்குத்தான் இடைவேளை எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?… மாமி சொன்னவவா. நீங்க கேட்டீங்களா?… கேக்காம அவ ஏன் சொல்ற?… ஓ… திங்கக்கிழமை லீவு எண்டும் தெரியுமா… பனிக்காலத்தில ஒரு மணித்தியாலம் தள்ளும் எண்டும்…

அப்பா. ஒம்பது வருசமா மாமியப் பிடிச்சு இதெல்லாம் கேட்டிட்டா இரிக்கீங்க? மாசம் மாசம் நான் முன் விறாந்தையில இருந்து அவரோட கதைக்கன். நீங்க எழும்பிப் போய் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பீங்க. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே…

சரி. விடுறன். அத விடுறன்.

எத வாசிக்கிற?… அறிவித்தலையா? அத நீங்க ஏன் கேக்கணும். கேட்டா நல்லதா… சரி சரி. ‘வவுணதீவைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட நல்லரத்தினம் அவர்கள் இன்று காலமானார். அன்னார், காலஞ்சென்ற சீதேவியின் அன்புக் கணவரும், டிலக்சன், வதனி ஆகியோரின் பாசமிகு தந்தையும்…’

ஓம். போட்டிரிக்கன்…

முதல்ல அவர்ட பேர்தானே வரணும். மூத்த பிள்ள…

தெரியும் அப்பா. ஒம்பது வருசத்துக்கு முந்தி அம்மாட அறிவித்தல்ல போடல்ல. நீங்கதான் வெட்டின. அச்சகத்தில இருந்து சரி பாக்கக் கொண்டு வந்த தாளில அவர்ட பேருக்கு மேலால கோடு போட்டீங்க. ‘தாய்ட முகம் பாக்க வராதவனுக்குப் பேர் என்னத்துக்கு’ எண்டு. அவர் வேணுமெண்டா வராம இரிந்தவர்? விசா இல்ல, அகதிக் கேஸ் முடியல்ல, வெளிக்கிட்டா திரும்பிப் போகேலா. நான் சொன்னன். மாமி உங்கட கையப் பிடிச்சுச் சொன்னா. கேட்டீங்களா? ‘வதனியின் பாசமிகு தாயாரும்’ எண்டுதான் சந்தி சந்தியா ஒட்டின. அத ஆரோ படமெடுத்து அனுப்ப, அவர் அங்கயிருந்து பாத்தவர். அம்மாக்கு நான் ஒரு பிள்ளதான் எண்டு பாத்தவர். அவர் உங்களுக்குப் போன் எடுக்காததுக்கு அதுதான் காரணம். வேற ஒண்டுமேயில்ல…

ஏசல்ல. நடந்ததச் சொல்றன்.

அப்பா?… இரிக்கீங்களா?… மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேக்குது. என்னவாவது கதைங்க. நீங்க இண்டைக்குப் பேசாம இரிந்தா எனக்குப் பயமா இரிக்கு…

பொறுங்க, பொறுங்க, மெசேச் ஒண்டு. இல்ஹாம்தான். தொழுகை முடிஞ்சிட்டு. வீட்ட ஓடுறாராம், அஞ்சு நிமிசமாம். ‘காவலை நிப்பாட்டிட்டு மாதிரியையும் அழிக்கவா’ எண்டு கேக்கார். இந்தா, ஓம் எண்டு போடுறன்… என்ன?… போட வேணாமா?

ஏன்?…

அஞ்சரை மட்டும் அப்படியே விடுறதா? என்னத்துக்கு?… அண்ணன் பாக்கட்டும் எண்டா? உங்களுக்கு வெயில் தலைக்கு ஏறிட்டா அப்பா…

பேர் இரிக்கிறதப் பாக்கட்டுமா. ஓம், விளங்குது… விளங்குது அப்பா, நான் விளங்காம இல்ல. ஆனா அவர் பேரையா முதல்ல பாப்பார்? நீங்க செத்ததத்தானே முதல்ல பாப்பார். குசினி வாசல்ல, ஏப்ரனோட, தனிய நிண்டு பாப்பார். பக்கத்தில ஒருத்தரும் இரிக்க மாட்டாங்க. பேர் இரிக்கு எண்டு கண்டு அந்த மனுசன் சந்தோசப்படுவாரா? எனக்கு அத நினைக்கவே ஏலாது…

ஓம், மறுகா சொல்லலாம்தான் பிழை எண்டு. அதுக்கிடையில அவர் என்ன பாடுபடுவார்?

அதுக்கு நீங்க எடுத்துக் கதைக்கலாமே. உசிரோட வரம்பில இரிக்கிற மனுசன் போனை எடுத்து… என்ன கதைக்கிற எண்டா? ஒண்டும் கதைக்க வேணாம். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, காணும்… ஏலாதா… வாய் வராதா. மெசின்காரனோட வருது, சங்கத்தில வருது, வாய்க்கால் தண்ணிக்கு வந்தா ஊரே கேக்குது. பெத்த பிள்ளைக்கு மட்டும் வராதா?…

அப்பா, நீங்க அழுறீங்களா?

சரி. சரி. நான் ஒண்டும் சொல்லல்ல… இல்ல, நான் இல்ஹாமுக்கு இன்னும் பதில் போடல்ல. நீங்க சொல்லுங்க, என்ன செய்ய. எனக்கும் தெரியல்ல…

பொறுங்க. திருப்பி இல்ஹாம்தான்… ஐயோ. அப்பா, அவர் நிப்பாட்டிட்டார். நான் ஓம் எண்டு போடவேயில்ல. நஸீபா சொல்லியிரிக்கா, பிள்ள அழுதழுது எடுத்தது எண்டு. மனுசன் பதிலுக்கு நிக்காமச் செஞ்சிட்டார். நல்லதுக்குத்தானே செஞ்சார். மன்னிப்பும் கேக்கார், வாப்பாட்ட சொல்லுங்க எண்டு உங்களுக்கும்…

பாக்கன்… இல்ல. வெப்சைட்டில இல்ல. அந்த ரெண்டு பேரிட உண்மையான அறிவித்தல் மட்டும்தான் இரிக்கு…

இல்லப்பா… ரெண்டு நிமிசம் கழிஞ்சிட்டு, வரல்ல… இந்த ஒரு மணித்தியாலமா வராத, வராத எண்டு கெஞ்சினன், வந்து வந்து நிண்டிச்சு. இப்ப இல்ல. இனித் தானா வராது. அந்த அறையே இல்ல…

ஆரு, நானா?… நான் எழுதிப் போடுறதா?… அப்பா, காலம போட்டது மெசின். எனக்குத் தெரியாம நடந்தது. இப்ப நான் இரிந்து, உங்கட பேரை அடிச்சு, ‘இன்று காலமானார்’ எண்டு என்ட விரலால அடிச்சு… நீங்க என்னோட கதைச்சிட்டு இரிக்கக்குள்ளயா? ஏலாது. என்னைச் சாகடிச்சாலும் ஏலாது. ஏசுங்க, ஏலாது…

ஓம்… கேக்குது… கேக்குது, சொல்லுங்க… உங்கட உண்மையான அறிவித்தல்லயா?… அந்தக் கதைய ஏன் இப்ப எடுக்கிற… ஓம். போடுறன்… ஓம், முதல்ல அவர்ட பேர். அடைப்புக்குள்ள சுவிஸ். பிறகு என்ட பேர்… சத்தியமாப் போடுறன்… ஆரும் வெட்ட மாட்டாங்க அப்பா. வெட்டுற ஆள் நீங்கதானே, நீங்க இரிக்க மாட்டீங்களே…

அதத்தான் நானும் சொல்றன். அத அவர் வாசிக்கக்குள்ள நீங்க இரிக்க மாட்டீங்க. செத்தாத்தானா நீங்க அவரோட கதைப்பீங்க?…

மெசின்காரன் கூப்பிட்டாக் கூப்பிடட்டும்… அடுத்த வயல் வரவைக்கு இறங்கணும்தான், தெரியும். ஒரு நிமிசம் நில்லுங்க. அஞ்சரைக்கு நானே அவருக்கு எடுத்து உங்களையும் சேத்து விடுறன். நீங்க நம்பர் அடிக்கத் தேவையில்ல. ஹலோ எண்டு மட்டும் சொல்லுங்க. அதுவும் ஏலாட்டி பேசாம இரிங்க, அப்பா லைன்ல இரிக்கார் எண்டு நான் சொல்றன்… அஞ்சரைக்கு எடுத்தா ஆன்சர் பண்ணுவீங்களா?… அப்பா?… பண்ணுவீங்களா?…

ஹலோ… ஹலோ…

இல்லக்கா. ஒண்டும் சொல்லல்ல. வச்சிட்டார்.